வராதவரையும் எண்ணுங்கள்

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் போனிலாவது அடி எண்ணும் செயலி ஒன்று இருக்கும். மகனோ மருமகளோ லீவுக்கு வந்தபோது ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். "தினமும் பார்த்துக்குங்கப்பா" என்று சொல்லியிருப்பார்கள். நாமும் பத்து நாள் பார்த்திருப்போம். அப்படி ஒரு செயலியை இருபது முப்பது பேர் கொண்ட ஒரு குழுவுக்காகவே செய்வதானால் அதற்கு என்ன பெயர் வைப்பது, எந்த நிறம் கொடுப்பது, எதை எண்ண வைப்பது என்று சுமார் நான்கு மாதம் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. செய்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. வடிவமைப்புப் படிக்கிறாள். கடைசி வருடத்துக்கு ஒரு வேலை செய்து காட்ட வேண்டும் என்று வந்தாள். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் எங்கள் குழு. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள் என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் காந்தி சிலைப் பக்கம் கூடுவோம். 23 பேர். ஓய்வு பெற்ற ஆசிரியை, பேங்க்காரர், இரண்டு 'சொல்தா' வீட்டுக்காரர்கள், மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒரு அம்மா, பஞ்சாலையில் வேலை பார்த்த ஒரு மேஸ்திரி. டூப்ளே சிலை வரைக்கும் போய்த் திரும்புவோம். வேகமாக நடப்பவர்கள் இரண்டு சுற்று, மற்றவர்கள் ஒன்று. பிறகு மதில் மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் ஊர்க்கதை. உண்மையைச் சொன்னால் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் பலர் வருகிறார்கள்.

இதற்குள் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செயலி புகுந்தது. பெயர் வேண்டாம், பலரும் பயன்படுத்துவதுதான். குழுவில் ஒருவருடைய மகன் எல்லாருடைய போனிலும் ஏற்றி, 23 பேரையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டான். இரவு ஒன்பது மணிக்கு அன்றைக்கு யார் எத்தனை அடி என்று வரிசைப்படி வரும். முதல் மூன்று பேருக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம். எல்லாருக்கும் ஒரே இலக்கு, 10,000 அடி.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பேத்திதான் எனக்குச் சொன்னாள். டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அந்தச் சூட்டில் மறு வருடம், 1965இல், ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. மான் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் அளவி. சொல்ல எளிது, ஞாபகத்தில் நிற்கும். பெயராக வைத்தது பிற்பாடு உலகத்துக்கே இலக்காகிவிட்டது. ஒரு பெயருக்கு எவ்வளவு சக்தி பாருங்கள்.

2019இல் அமெரிக்காவில் ஐ-மின் லீ என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் சுமார் 16,700 வயதான பெண்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சராசரி வயது 72, அதாவது நம் வயது. ஒரு நாளைக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500 வரைக்கும் பலன் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் நடந்தால் கூடுதலாக ஒன்றும் தெரியவில்லை. எங்கள் மேஸ்திரி முழங்கால் வலியோடு தினமும் நாலாயிரத்துச் சொச்சம் நடந்துகொண்டிருந்தார். இந்தக் கணக்குப்படி அவர் தனக்கு நல்லதுதான் செய்துகொண்டிருந்தார். பட்டியலின்படி அவர் தினமும் 23ஆவது ஆள்.

முதல் மாதம் ஒரே உற்சாகம். பேங்க்காரர் மூன்று சுற்று நடக்க ஆரம்பித்தார். இன்னொருவர் போனைப் பேரனின் கால்சட்டைப் பையில் போட்டு விளையாட அனுப்பிவிட்டு அன்றைக்குத் தங்கம் வாங்கினார். ஒருத்தர் சீரியல் பார்த்துக்கொண்டே கையை ஆட்டி ஆட்டி ஆயிரத்து ஐந்நூறு சேர்த்ததாக அவர் மனைவியே போட்டுக் கொடுத்தார். சிரித்துக்கொண்டோம். ஆனால் மதில் மேல் உட்காரும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. உட்கார்ந்தால் அடி ஏறாதே!

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே மாதா மாதம் 'கிளாஸ்மான்' வரும். முசியே ஒவ்வொரு பெயராக, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை, ரேங்க் சொல்லிப் படிப்பார். முதலில் இருப்பவர்கள் 'தாப்லோ தொன்னேர்' என்ற மரியாதைப் பலகையில் ஏறுவார்கள். கடைசிப் பெயர் வரும்போது அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு பேனாவுக்கு மை போடுவதுபோல் பாசாங்கு செய்வான். அறுபது வருடம் கழித்து அதே வாசிப்பை இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன் செய்துகொண்டிருந்தது. மேஸ்திரி எழுபத்தொரு வயதில் அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நான்கு நாள் அவர் வரவில்லை. அந்தச் செயலியில் ஒரு வழக்கம் உண்டு: அன்றைக்கு ஒரு அடிகூட எடுக்காதவருடைய பெயரைப் பட்டியலிலேயே காட்டாது. 23 பெயர் 22 ஆகும், அவ்வளவுதான். கடைசி வரி காணாமல் போவது போனில் யார் கண்ணிலும் படாது. ஒரு திரையில் தெரிவது எட்டுப் பெயர்.

கண்டுபிடித்தது பால் போடுகிற பெண். வாசலில் தொங்கும் பையில் இரண்டு நாள் பாக்கெட் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறாள். மனைவி போன பிறகு தனியாக இருந்தவர். டெங்குக் காய்ச்சல். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது தலைமாட்டில் இருந்த போனைக் காட்டி அவர் சொன்னது இது: "படுத்திருந்த நாள்ல என்னைக் கூப்பிட்டது இது ஒண்ணுதான். ராத்திரி ஆனா சத்தம் போடும். என்ன சொல்லுதுன்னுதான் புரியல."

எடுத்துப் படித்தோம். ஆங்கிலத்தில் இருந்தது. உங்கள் தொடர்நாள் கணக்கு அறுந்துவிடப் போகிறது, இன்னும் நேரம் இருக்கிறது, எழுந்து நடங்கள் என்று நாளுக்கொரு செய்தி.

இந்தக் கதையைப் பேத்தியிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "தாத்தா, உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி லிஸ்ட் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

ஆபீஸில் இருந்தது வருகைப் பதிவேடு. முப்பத்து நாலு வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அதன் தத்துவம் நன்றாகத் தெரியும். வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவரைப் பற்றிப் பதிவேட்டுக்குக் கவலையில்லை. பத்தேகாலுக்குப் பதிவேடு சூப்பிரண்டெண்ட் மேசைக்குப் போகும். அவர் கண் கையெழுத்துகளைப் பார்க்காது, காலிக் கட்டத்தைப் பார்க்கும். அந்தக் கட்டத்தில் சிவப்பு மையால் ஏதாவது எழுதியாக வேண்டும். லீவா, டூட்டியா, தகவல் இல்லையா? எழுதுவதற்கு யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். பள்ளியில் காலையில் நடக்கும் 'லப்பெல்' என்ற பெயர் கூப்பிடுதலும் அப்படித்தான். 'பிரெசான்' என்ற குரல் வந்தால் முசியே அடுத்த பெயருக்குப் போய்விடுவார். குரல் வராத இடத்தில்தான் தலையை நிமிர்த்துவார். அந்த ஒரு நிமிர்தலுக்காகத்தான் மீதிப் பெயர்களையெல்லாம் வாசிப்பது.

ரேங்க் பட்டியலும் பெயர் கூப்பிடுதலும் இரண்டும் பெயர் வரிசைதான். ஒன்று முந்தியவரைத் தேடுகிறது. மற்றது வராதவரைத் தேடுகிறது. "குழுவுக்கான செயலி" என்று சொல்லிக்கொண்டு முதல் வகையைச் செய்துவிட்டால் அது குழுவுக்கானது ஆகாது. 23 தனி ஆட்கள் ஓடும் பந்தயம் ஆகிவிடும். பேத்தி தன் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டது: "வராதவரைத் தேடும் செயலி." மற்ற எல்லாம் அதிலிருந்து வந்தவை.

முதலில் பெயர். கல்லூரித் தோழிகள் 'ஃபிட்' என்று முடியும் பதினைந்து பெயர் கொடுத்தார்கள். மார்க்கெட் அம்மா ஒன்றைக் கேட்டுவிட்டு, "பிட்டா? பிட்டு சினிமாவா?" என்றார். அது போயிற்று. பிரெஞ்சில் 'ப்ரோமனாட்' என்று ஒரு சொல்தா வீட்டுக்காரர் சொன்னார்; ஏற்கெனவே ஊரில் அந்தப் பெயர் நிறைய இருக்கிறது. பேத்தி ஒரு வாரம் எங்களோடு காலையில் வந்து வெறுமனே காதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். காந்தி சிலை அருகே ஒவ்வொருவரும் வந்து சேரும்போது சொல்வது ஒரே சொல்: "வந்தாச்சு." பேங்க்காரரும் அதைத்தான் சொல்கிறார், மேஸ்திரியும் அதைத்தான். வேகமாக வந்தாயா மெதுவாக வந்தாயா என்ற கேள்வி அதில் இல்லை. செயலியின் பெயரும் அதுவே, அதிலுள்ள ஒரே பெரிய பொத்தானும் அதுவே. போனைத் திறந்து வந்தாச்சு என்ற இடத்தைத் தொட்டால் அன்றைய வேலை முடிந்தது.

பிறகு அடையாளச் சின்னம். முதலில் கட்டுமஸ்தான ஒரு ஓட்டக்காரன் முன்னால் சாய்ந்து பாய்வதுபோல் வரைந்து வந்தாள். இது எங்களில் யார் என்று கேட்டார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. அடுத்து ஒரு ஷூ. பாதிப் பேர் செருப்பில்தான் நடக்கிறோம். கடைசியில் மதில் மேல் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும் மூன்று பேரின் முதுகு. உடற்பயிற்சிச் செயலிக்கு உட்கார்ந்திருக்கும் படமா என்று அவளுடைய ஆசிரியர் கேட்டாராம். "இவங்க நடக்கிறதே உட்காரத்தான் சார்" என்று பதில் சொல்லியிருக்கிறாள். ஆள் தப்பவில்லை.

நிறத்துக்கு நம் பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சளும் வெள்ளையும்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றியது. சுவரில் அழகாக இருப்பது திரையில் உதவாது. மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து, அதுவும் காலை வெயிலில், கண்புரை ஆரம்பித்த கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று வலைப்பக்கங்களுக்கான உலகத் தரவிதி இருக்கிறதாம். அளந்து பார்க்கக் கருவி உண்டு. மஞ்சளைப் பின்னால் வைத்து எழுத்தைக் கருநீலமாக்கினாள். தெரிந்தது. தொடும் பொத்தான் குறைந்தது 9 மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்று கூகுளின் வழிகாட்டுதல். இவள் கட்டை விரல் அகலத்துக்கு வைத்தாள். நடுங்கும் விரலுக்கு அதுதான் சரி.

தமிழ் எழுத்தில் ஒரு தனிப் பிரச்சினை. ஆங்கிலத்துக்கென்று வெட்டி வைத்த கட்டத்தில் தமிழைப் போட்டால் நீளம் கொள்ளாது. கடைசி இரண்டு எழுத்து மூன்று புள்ளியாகிவிடும். மேலே ஈகாரச் சுழியும் கீழே உகாரக் காலும் நறுக்குப்படும். பேங்க் இயந்திரத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் தமிழில் முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற கட்டம் வரைந்தாள். இது சிறு விஷயம்போலத் தோன்றும். யாரை மனதில் வைத்துக் கட்டம் போட்டார்கள் என்பது அந்தக் கட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

அடுத்தது விண்ணப்பப் படிவம். இதில்தான் என் அனுபவத்துக்கு வேலை வந்தது. பழைய செயலியில் சேர ஒன்பது கேள்வி. முதற்பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, மின்னஞ்சல் என்று போகும். பிறந்த வருடத்துக்கு ஒரு சக்கரம். அது இந்த வருடத்தில் நிற்கும். அங்கிருந்து 1950 வரைக்கும் விரலால் உருட்டிக்கொண்டே போக வேண்டும். உருட்டுவதற்குள் வயது ஒன்று கூடிவிடும்! குடும்பப்பெயர் என்ற கட்டம் நட்சத்திரக் குறி போட்டுக் கட்டாயம். மார்க்கெட் அம்மாவுக்கு ஒரே பெயர்தான். அவர் மகன் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்து ஒப்பேற்றியிருந்தான்.

நம்மூருக்கு இந்தக் குடும்பப்பெயர்க் கட்டம் புதிதல்ல. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த பிரெஞ்சு ஆணைப்படி, தம் வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பிய இந்தியர்கள் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு குடும்பப்பெயர் வேண்டும். இல்லாதவர்கள் புதிதாக வைத்துக்கொண்டார்கள். இந்த ரெனோன்சான்களில் முன்னோடியான பொன்னுத்தம்பி பிள்ளை வைத்துக்கொண்ட பெயர் லாப்போர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். ஒரு படிவத்தின் ஒரு கட்டம் பல குடும்பங்களின் பெயரையே மாற்றிவிட்டது. படிவம் என்பது கதவுதான். அகலமாக வைத்தால் எல்லாரும் வருவார்கள். குறுக்கி வைத்தால் குனிந்து வருகிறவர்கள் மட்டும் வருவார்கள்.

பேத்தியின் படிவத்தில் இப்போது இருப்பது மூன்று கேள்வி. உங்களை எப்படிக் கூப்பிடுவது? போன் எண் என்ன? நீங்கள் வரவில்லையென்றால் யாரிடம் சொல்வது? முதல் கேள்விக்கு மேஸ்திரி 'மேஸ்திரி' என்றே எழுதினார். எடையும் உயரமும் கேட்கவில்லை. குழுவில் அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

மூன்றாவது கேள்விதான் பெரிய விவாதம் ஆனது. இரண்டு நாள் தொடர்ந்து ஒருவர் வந்தாச்சு தொடவில்லை என்றால் செயலி அவருக்கு ஒன்றும் அனுப்பாது. அவர் தேர்ந்தெடுத்த இரண்டு பேருக்குச் செய்தி போகும்: "மேஸ்திரி இரண்டு நாளாக வரவில்லை. ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறீர்களா?" அந்த இருவரில் ஒருவர் "பார்த்துட்டேன்" என்று தொடும் வரைக்கும் நினைவூட்டிக்கொண்டிருக்கும். தட்டுகிற கை மனுஷக் கையாக இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

பேங்க்காரருக்குக் கோபம் வந்தது. "நான் வராததை எதுக்கு ரெண்டு பேருக்குச் சொல்லணும்? நான் என்ன ஜாமீன்ல வந்தவனா, ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட?" நியாயமான கேள்வி. வேவு பார்ப்பதற்கும் அக்கறைக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது. அது அத்தனை உயரமில்லை. அதனால் மூன்று மாற்றம் செய்தாள். யார் அந்த இருவர் என்பதை அவரவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், வேண்டாமென்று காலியாகவும் விடலாம். "ஊருக்குப் போறேன்" என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், எந்த ஊர், எத்தனை நாள் என்றும் கேட்காது. இவ்வளவு செய்த பிறகும் பேங்க்காரர் அந்த இடத்தைக் காலியாகத்தான் வைத்திருக்கிறார். அவர் இஷ்டம்.

டீச்சரம்மா வேறொன்று கேட்டார். பழைய செயலியில் நடந்த பாதை வரைபடத்தில் கோடாக வரும். "அந்தக் கோடு என் வீட்டு வாசல்லேர்ந்துதான் ஆரம்பிக்குது. நான் தனியா இருக்கேன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டணுமா?" என்றார். இது வீண் பயமில்லை. ஸ்ட்ராவா என்ற பெயருள்ள ஓட்டச் செயலி, தன் பயனாளிகள் உலகெங்கும் ஓடிய தடங்களையெல்லாம் சேர்த்து ஒரு வெப்ப வரைபடம் வெளியிட்டது. பாலைவனத்தில் இருந்த ராணுவ முகாம்களின் வடிவம், சிப்பாய்கள் ஓடிய தடத்தால், அதில் பளிச்சென்று தெரிந்துவிட்டதை 2018 ஜனவரியில் ஒரு மாணவர் கவனித்துச் சொன்னார். ராணுவத்துக்கே அந்தக் கதி. 'வந்தாச்சு'வில் வரைபடமே கிடையாது. எங்கே நடந்தீர்கள் என்று அதற்குத் தெரியவும் வேண்டாம்.

அடிக் கணக்கை முழுவதும் எடுத்துவிடவில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவரவர் எண் அவரவர் போனில் மட்டும் தெரியும். வரிசை கிடையாது, தங்கம் வெள்ளி கிடையாது.

போட்டி இல்லாமல் கூட்டம் சேருமா என்று கேட்பவர்களுக்குப் பேத்தி இங்கிலாந்திலிருந்து ஒரு உதாரணம் காட்டினாள். 2004 அக்டோபர் 2ஆம் தேதி லண்டனில் புஷி பார்க் என்ற பூங்காவில் 13 பேர் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். தொடங்கியவர் பால் சின்டன்-ஹியூயிட். முதலில் அதற்கு வைத்த பெயரில் 'டைம் டிரையல்' என்று இருந்தது. நேரத்தை அளக்கும் ஓட்டம் என்று பொருள். பிற்பாடு பெயரை 'பார்க்ரன்' என்று மாற்றினார்கள். பூங்காவில் ஓடு, அவ்வளவுதான். பெயரிலிருந்து கடிகாரம் போய்விட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி ஆளுக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். அவர் இருப்பதால் கலந்துகொண்டவர் யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. நேரம் இன்றும் குறிக்கிறார்கள். ஆனால் 2024இல் தங்கள் தளத்திலிருந்து சாதனைப் பட்டியல்களை எடுத்துவிட்டார்கள், புதிதாக வருகிறவர்கள் மிரளக்கூடாது என்று. 13 பேரில் தொடங்கியது இன்று பல நாடுகளில் நடக்கிறது. எங்கள் குழுவில் அந்தக் கடைசித் தொண்டர் வேலையை இப்போது முறை வைத்துச் செய்கிறோம். என் முறை செவ்வாய்க்கிழமை.

எல்லாம் சுபம் என்று எழுத மாட்டேன். 23 பேரில் இன்று செயலியில் இருப்பவர்கள் 19. இரண்டு பேர் தங்கப் பதக்கம் இல்லாமல் ருசிக்கவில்லை என்று பழையதற்கே போய்விட்டார்கள். இரண்டு பேரிடம் பொத்தான் போன்தான் இருக்கிறது. அவர்களுக்காகப் பக்கத்தில் நிற்பவர் வந்தாச்சு தொடுகிறார். பேத்திக்குக் கல்லூரியில் மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. வளரக்கூடிய வணிகத் திட்டம் இல்லை என்று குறிப்பு எழுதியிருந்தார்களாம். 23 பேருக்கு மேல் இது வளர வேண்டுமா என்று எனக்கும் சந்தேகம்தான். ஒருவர் வராததைக் கவனிக்கும் அளவுக்கு ஒரு குழு சிறியதாகத்தான் இருக்க முடியும். கூட்டம் பெருத்தால் இன்னொரு குழு தொடங்குவது நல்லது.

போன ஐப்பசி மழையில் மார்க்கெட் அம்மா இரண்டு நாள் வரவில்லை. செய்தி மேஸ்திரிக்கு வந்தது; அவரைத்தான் அந்த அம்மா எழுதி வைத்திருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை. மழையில் சோம்பல், அவ்வளவுதான். வடை சுட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மேஸ்திரி போனை எடுத்து "பார்த்துட்டேன்" தொட்டிருக்கிறார். அவர் போன் இப்போது அவருக்குப் புரிகிற மொழியில் பேசுகிறது.

உங்கள் தெருவிலோ பூங்காவிலோ இப்படி ஒரு குழு இருந்து, பிள்ளைகள் ஏதாவது செயலி ஏற்றித் தருவதாகச் சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள். எட்டாவது ஆளுக்குக் கீழே இருப்பவர்கள் இதில் தெரிவார்களா? ஒருவர் வராவிட்டால் இது யாரிடம் சொல்லும்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் கவலை வேண்டாம். முக்குக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பெயர்களை வரிசையாக எழுதி, வந்தவர்களுக்கு ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாத கட்டத்தைப் பார்த்ததும் யாராவது ஒருவர் எழுந்து போக வேண்டும். அதை எந்தச் செயலியும் நமக்காகச் செய்யாது.